ரெய்ன் தீவின் மணல் கணக்கு

2020 ஜூனில், பெருந்தொற்றுக்கு அஞ்சி உலகமே வீட்டுக்குள் கிடந்த நேரத்தில், ஒரு டிரோன் காட்சி கைபேசி கைபேசியாகச் சுற்றியது. பச்சையும் நீலமும் கலந்த கடல். அதில் ஆயிரக்கணக்கான கரும்புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் முட்டையிடக் கரையேறக் காத்திருக்கும் ஒரு பேராமை. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் என்னும் பவளத்திட்டின் வட கோடியில் உள்ள ரெய்ன் தீவைச் சுற்றி எடுத்தது. அங்கே திரண்டிருந்தவை 64,000 வரை இருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருந்தார்கள்.

இத்தனை ஆமைகளை எப்படி எண்ணினார்கள்? இரவில் கரையேறும் ஆமைகளின் ஓட்டில் நஞ்சில்லாத வெள்ளைச் சாயத்தால் ஒரு பட்டை தீட்டிவிடுவார்கள். மறுநாள் கடலில் மிதப்பவற்றில் பட்டை உள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்று பார்ப்பார்கள். சாயம் பூசியது இரண்டாயிரம் என்றும், கண்ணில் படும் இருபதில் ஒன்றுக்குத்தான் பட்டை இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் மொத்தம் நாற்பதாயிரம். சுலபமான கணக்குதான். ஆனால் முன்பெல்லாம் படகில் நின்று எண்ணினார்கள். அலையாடும் நீரில் வெள்ளைப் பட்டை சட்டென்று கண்ணை இழுக்கும். பட்டையில்லாத ஆமை தப்பிவிடும். விளைவு, மொத்த எண்ணிக்கை குறைவாகவே வந்துகொண்டிருந்தது. டிரோன் படத்தை அறையில் உட்கார்ந்து நிதானமாக எண்ணியபோது, பழைய மதிப்பீடுகளை 1.73 மடங்கு உயர்த்த வேண்டும் என்று தெரிந்தது.

நல்ல செய்தி என்றுதான் எல்லோரும் பகிர்ந்தார்கள். அந்த மகிழ்ச்சியில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பேராமை பருவமடைய முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆகும். அந்த டிரோன் படம் எடுத்த 2019 டிசம்பரில் அந்தக் கடலில் மிதந்தவை 1980-களிலும் அதற்கு முன்பும் குஞ்சாகக் கடலிறங்கியவை. அன்றைக்குத் தீவு ஒழுங்காக வேலை செய்தது என்பதற்குத்தான் அந்தக் கூட்டம் சான்று. இன்று அதே மணலிலிருந்து எத்தனை குஞ்சுகள் வெளியேறுகின்றன என்பதை அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதைத் தோண்டித்தான் பார்க்க வேண்டும். தோண்டிப் பார்த்தவர்கள் கண்டது வேறு கதை. பேராமைக் கூடுகளில் நூறு முட்டைக்கு எண்பதை ஒட்டிப் பொரிப்பது பல கடற்கரைகளில் வழக்கம். ரெய்ன் தீவிலோ மோசமான பருவங்களில் முப்பதுகூடத் தேறவில்லை. உலகிலேயே அதிகப் பேராமைகள் கூடும் இடத்தில், தாய்கள் வந்துகொண்டே இருக்க, குஞ்சுகள் குறைந்துகொண்டே போயின.

காரணத்தைத் தேடினால் கதை ஆமையை விட்டு மணலுக்குப் போகிறது.

ரெய்ன் தீவு கெய்ர்ன்ஸ் நகரிலிருந்து வட வடமேற்கே சுமார் 620 கி.மீ. தொலைவில், பவளத்திட்டின் வெளி விளிம்பில் இருக்கிறது. அதைத் தாண்டினால் ஆழ்கடல். பரப்பு சுமார் முப்பது ஹெக்டேர்தான். கரையைச் சுற்றி நடந்தால் இரண்டு கி.மீ.கூட வராது. ஆள் கிடையாது, மரமும் கிடையாது. விளிம்பில் மணற்கரை. அதற்குப் பின்னால் தரையோடு படரும் புல்லும் பூண்டும் பிடித்த மணல் மேடு. அதையும் தாண்டினால் நடுவில் பள்ளம், பள்ளத்தின் ஓரத்தில் ஆளுயரமோ அதற்குக் குறைவோ உள்ள பாறை முகங்கள். ஊத்தாத்தி மக்களுக்கும், டோரஸ் நீரிணையின் கெமெர் கெமெர் மெரியம் மக்களுக்கும் பாரம்பரிய உரிமையுள்ள தீவு இது. பொதுமக்கள் இறங்க அனுமதியில்லை.

இந்தத் தீவின் மணல் ஆறு கொண்டுவந்து கொட்டியதல்ல. மலை தேய்ந்து வந்ததும் அல்ல. பக்கத்தில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. பவளத்திட்டில் வாழ்ந்து மடிந்த உயிர்களின் சுண்ணாம்புதான் அது. பவளத்தைக் கொறித்துத் தின்னும் கிளிமீன்கள் கழிவாக மணலைத் தள்ளுவதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ரெய்ன் தீவில் முக்கிய உற்பத்தியாளர் கிளிமீன் அல்ல, ஃபோராமினிஃபெரா என்னும் ஒற்றைச்செல் உயிரி. அதிலும் பேக்குலோஜிப்சினா என்ற ஓர் இனம். ரவை அளவு உருண்டை, அதிலிருந்து நாலைந்து மழுங்கிய முட்கள். ஒரே செல்தான், ஆனால் தனக்கென்று சுண்ணாம்பில் ஓடு கட்டிக்கொள்கிறது. திட்டின் ஆழமற்ற மேடையில் பாசிப் பற்றைகளைப் பிடித்துக்கொண்டு கோடிக்கணக்கில் வாழ்கிறது. செத்ததும் ஓடு உதிர்கிறது, அலை அதைக் கரைக்குத் தள்ளுகிறது. தீவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த ஓடுகளின் குவியல்.

அப்படியானால் இந்தத் தீவுக்கு வரவும் செலவும் உண்டு. திட்டு உயிரோடிருந்து ஓடுகளை அனுப்பினால் வரவு. புயலும் நீரோட்டமும் வாரிக்கொண்டு போனால் செலவு. இடையில் காற்று செய்யும் இடமாற்றம் வேறு. ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கு வணிகக் காற்று வீசி மணலை ஒரு பக்கம் தள்ளும். கோடையில் வடமேற்குப் பருவக்காற்று வந்து அதைத் திருப்பி ஓட்டும். மணல் தீவைச் சுற்றி நடந்துகொண்டே இருக்கிறது. போன ஆண்டு அகலமாக இருந்த கரை இந்த ஆண்டு ஒடுங்கியிருந்தால் தீவு அழிகிறது என்று பதற வேண்டியதில்லை.

கடல்மட்டம் உயர்கிறது, ஆகவே தீவு முழுகுகிறது, ஆகவே முட்டை அழுகுகிறது என்று மூன்றே வரியில் கதையை முடித்துவிட யாருக்கும் தோன்றும். ஆனால் டாசன், ஸ்மிதர்ஸ் என்ற இரு புவியியலாளர்கள் 1967-லிருந்து 2007 வரையிலான அளவைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தீவு சுருங்கியிருக்கவில்லை. பரப்பில் சுமார் 6 விழுக்காடும் மணலின் கன அளவில் சுமார் 4 விழுக்காடும் கூடியிருந்தது. மாறியது மணல் கிடந்த விதம்தான். ஓரிடத்தில் கரைந்தது, வேறிடத்தில் சேர்ந்தது. வரைபடத்தில் தீவு பெரிதாகியும் ஆமைக்குப் பயன்படும் உயரம் குறையலாம். கூடு வைக்கிற உயிருக்குப் பரப்பைக் காட்டிலும் உயரம் முக்கியம்.

மணல் வரவே நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு நம் மன்னார் வளைகுடாவே பாடம். 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி இரண்டும் இன்று தண்ணீருக்கு அடியில். சுற்றியிருந்த பவளத்தைச் சுண்ணாம்புக்காகப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்ததில் அலைத்தடுப்பும் போனது, மணல் தரும் இடமும் போனது. ரெய்ன் தீவில் பவளத்தை யாரும் வெட்டவில்லை. அதன் சிக்கல் வேறு.

ஓர் ஆமை முட்டையிடும் முறையைப் பார்த்தால் அது புரியும். இருட்டியதும், நீர் ஏறியிருக்கும் நேரமாகப் பார்த்துக் கரையேறுகிறது. முன் துடுப்புகளால் மணலை வாரி எறிந்து உடல் முழுதும் இறங்கும் குழி ஒன்று செய்கிறது. பிறகு பின் துடுப்புகளால் இன்னும் கீழே தோண்டிக் குடம் போன்ற அறை அமைக்கிறது. அதில் நூறை ஒட்டி முட்டைகள். மூடிவிட்டு மறுபடி மணலை வாரியிறைத்து இடத்தை மறைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்புகிறது. இரண்டு வாரம் கழித்து மறுபடி வரும். ஒரு பருவத்தில் பல முறை. முட்டை மணலுக்குள் கிடக்க வேண்டியது சுமார் இரண்டு மாதம்.

இதையே ஒரே இரவில் ஆயிரக்கணக்கான ஆமைகள் செய்தால்? 1990-களில் ஒரு டிசம்பர் இரவில் இந்தச் சின்னக் கரையில் 14,000-க்கும் மேற்பட்ட ஆமைகளை எண்ணியிருக்கிறார்கள். இடமேயில்லை. புதிதாக வரும் தாய் தோண்டுவது முன்பே வந்தவளின் கூட்டை. வெளியே விழும் முட்டைகள் விடிந்ததும் பறவைகளுக்கு. பாதி தோண்டுவதற்குள் இன்னொரு ஆமை மேலேறி இடிக்கும், மணல் சரியும், இடாமலே திரும்பிப் போய் மறுநாள் மீண்டும் வரும். கூட்டம் மிகுந்த பருவத்தில் ஆமைக்கு முதல் எதிரி ஆமைதான்.

கூட்டம் எல்லா ஆண்டும் ஒரே அளவில் இருப்பதுமில்லை. சில பருவங்களில் பல்லாயிரம் வரும், சில பருவங்களில் கரை வெறிச்சோடிக் கிடக்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்கும் பசிபிக்கின் எல் நினோ சுழற்சிக்கும் தொடர்பு உண்டு என்று காலின் லிம்பஸ், நெவில் நிக்கோல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1988-இல் காட்டினார்கள். எல் நினோ நிகழ்ந்து இரண்டு ஆண்டுகள் கழித்து முட்டையிடும் ஆமைகள் பெருகுகின்றன. முட்டைக்கு வேண்டிய கொழுப்பைப் பேராமை கடற்புல்லும் பாசியும் மேய்ந்து சேர்க்க வேண்டும். அது ஆண்டுக்கணக்கில் ஆகும் வேலை. ஆகையால் மேய்ச்சலை மாற்றும் தட்பவெப்பம் முட்டையிடும் கரையில் தெரியவும் ஆண்டுகள் ஆகின்றன. ஆமையின் எதிலும் அவசரம் கிடையாது. அதை ஆராய்கிறவருக்கும் பொறுமை வேண்டும்.

முட்டைக்கு வருவோம். ஓட்டுக்குள் இருக்கும் கரு மூச்சுவிடுகிறது. மணல் துகள்களின் இடைவெளி வழியே காற்று வந்துபோக வேண்டும். கீழிருந்து கடல்நீர் ஊறி அந்த இடைவெளியை நிரப்பினால் கரு மூச்சுத் திணறும். பெரிய ஓதங்களின்போது ரெய்ன் தீவின் தாழ்ந்த பகுதிகளில் நிலத்தடியில் நீர் எழும்பிக் கூடுகளைத் தொடுவது தெரிந்த விஷயம். ஆனால் நீர் பட்டாலே முட்டை போய்விடுமா? அதையும் ஒரு குழு சோதித்து 2015-இல் வெளியிட்டது. முட்டைகளை ஒரு மணி நேரமோ மூன்று மணி நேரமோ கடல்நீரில் மூழ்க வைத்தால் இழப்பு பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. ஆறு மணி நேரமானால் சுமார் முப்பது. அதாவது ஒரு குறுகிய மூழ்கலை முட்டை ஓரளவு தாங்கிக்கொள்ளும். திரும்பத் திரும்ப, நெடுநேரம் என்றால்தான் ஆபத்து. இதைக் கொண்டு மட்டும் ரெய்ன் தீவின் முழு இழப்பையும் விளக்கிவிட முடியாது. அங்கே ஏராளமான கருக்கள் மிகத் தொடக்க நிலையிலேயே இறந்துவிடுகின்றன. பல்லாண்டுகளாக அழுகிய முட்டைகளும் நெருக்கமான கூடுகளும் நிறைந்த மணலில் உயிர்வளி குறைகிறதா என்ற கோணத்திலும் தேடினார்கள். ஒற்றைக் காரணம் கிடைக்காத இந்த இடம்தான் எனக்கு இந்த ஆய்வில் பிடித்த பகுதி. உயரம், நீர், நெருக்கம், மூச்சு எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன.

தாய்களும் சாகின்றன. விடியும்வரை இடம் தேடி அலையும் ஆமை மணல் மேட்டைத் தாண்டி நடுப்பள்ளத்துக்குப் போய்விடும். திரும்பும் வழியில் பாறை முகத்திலிருந்து விழுந்து மல்லாந்துவிட்டால் தானாகப் புரள முடியாது. பாறை இடுக்கில் சிக்கினாலும் அதே கதிதான். வெயில் ஏறினால் அந்தப் பெரிய உடலைக் குளிர்விக்க வழியில்லை. சில மணி நேரத்தில் முடிந்துவிடும். பெரும் பருவங்களில் நூற்றுக்கணக்கில் இப்படி மடிந்திருக்கின்றன. கடலோரத்தில் சாகும் ஆமைகளுக்காகப் புலிச்சுறாக்கள் தீவைச் சுற்றி வரும். அவை நோஞ்சானையும் செத்ததையுமே பெரிதும் தின்கின்றன என்பதால் அவற்றின் மீது யாருக்கும் புகார் இல்லை.

ஆமையைக் கொல்லும் அந்தப் பாறை எங்கிருந்து வந்தது? பறவைகளிடமிருந்து. ஆலாக்களும் பூபிகளும் ஃபிரிகேட் பறவைகளும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இங்கே அடைந்து எச்சமிட்டன. மழை அந்த எச்சத்தின் பாஸ்பேட்டைக் கீழிறக்க, சுண்ணாம்பு மணல் இறுகிப் பாறையானது. கிரேட் பேரியர் ரீஃபின் மிக முக்கியமான கடற்பறவைத் தங்கலிடங்களில் ஒன்று இது. பதினாறு இனங்கள் இங்கே குஞ்சு பொரித்திருக்கின்றன. ஆமைக் குஞ்சுகள் மணலைவிட்டு வெளியேறும் இரவுகளில் வக்கா இனத்துக் கொக்கு ஒன்று கரையில் காத்திருக்கும். பகலில் வெளியே வந்த குஞ்சு ஃபிரிகேட் பறவையின் கண்ணுக்குத் தப்புவது அபூர்வம். ஆனால் பறவைகளுக்கும் ஆமையால் தொல்லை உண்டு. இருநூறு கிலோவைத் தொடக்கூடிய உடல் ஒன்று மணல் மேட்டில் ஏறித் தோண்டினால் புல்லும் பூண்டும் வேரோடு போகும், தரைக்கூடுகள் நசுங்கும், வளைகள் இடியும். 1970-களின் இறுதியிலிருந்து எடுத்த கணக்குகளைப் பார்த்தால் கூடுகட்டும் பறவை இனங்களில் பெரும்பாலானவை குறைந்திருக்கின்றன. கடலில் இரை குறைந்ததும் இதில் சேர்ந்திருக்கலாம் என்ற ஐயம் உண்டு.

மனிதரும் இங்கே கைவைத்திருக்கிறார்கள். பவளத்திட்டைக் கடந்து டோரஸ் நீரிணைக்குள் நுழையும் கப்பல்களுக்கு வழிகாட்ட, 1844-இல் பிரிட்டிஷ் கடற்படையின் ‘ஃபிளை’ கப்பல் கைதிகளை இறக்கி ஒரு கல் கோபுரம் கட்டியது. கல்லெல்லாம் தீவிலேயே வெட்டிய அதே பாஸ்பேட் பாறை. வட்டக் கோபுரம் இன்றும் நிற்கிறது. தீவில் அதைவிட உயரமானது எதுவுமில்லை. பிறகு 1890-லிருந்து 1892 வரை குவானோ வெட்டினார்கள். எச்சம் உரமாக விலைபோன காலம் அது. சீன, மலாய்த் தொழிலாளர்களைக் கொண்டுவந்து நடுத்தீவைத் தோண்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த வேலையை மேற்பார்த்த ஆல்பர்ட் எல்லிஸ்தான் 1900-இல் நவ்ரூ தீவின் பாஸ்பேட்டை அடையாளம் கண்டவர். நவ்ரூவின் நடுப்பகுதியைப் பின்னர் தோண்டித் தோண்டிப் பாழாக்கியதை உலகம் அறியும். ரெய்ன் தீவில் இருப்பு சீக்கிரம் தீர்ந்தது. இல்லாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

சரி, என்ன செய்தார்கள்? 2014-இல் குயின்ஸ்லாந்து அரசின் பூங்காத் துறை மண்வாரி எந்திரங்களைத் தீவில் இறக்கியது. மணல் சேர்ந்து கிடந்த இடத்திலிருந்து வாரி, நீர் ஊறும் தாழ்ந்த பகுதியில் கொட்டி உயர்த்தினார்கள். வெளியிலிருந்து ஒரு பிடி மணலும் கொண்டுவரவில்லை. பிறகு 2017-லும் 2019-லும் இதை விரிவாக்கினார்கள். 2015-இல் தொடங்கிய ஐந்தாண்டு மீட்புத் திட்டத்தில் அரசு, ஒரு சுரங்க நிறுவனம், பவளத்திட்டு அறக்கட்டளை, ஊத்தாத்தி, மெரியம் மக்கள் எல்லோரும் சேர்ந்தார்கள். பாறை முகங்களின் ஓரமாக வேலி போட்டு ஆமைகள் அந்தப் பக்கம் போகாமல் தடுத்தார்கள். வேலி எளிய வேலைதான். ஆனால் முட்டையிடும் வயதுவரை தப்பிப் பிழைத்த ஒரு தாயைக் காப்பதற்கு ஈடாக எத்தனையோ குஞ்சுகளைக் காக்க வேண்டியிருக்கும். உயர்த்திய மணலில் வைத்த கூடுகள் நீரில் மூழ்கவில்லை. அங்கே குஞ்சுகள் கூடுதலாகப் பொரித்தன.

காட்டுயிர்ப் பாதுகாப்பில் ‘இயற்கையை அதன் போக்கில் விடு’ என்று சொல்பவர்களுக்கு எந்திரத்தைக் கண்டால் உறுத்தும். எனக்கும் முதலில் உறுத்தியது. ஆனால் கடல்மட்டத்தை உயர்த்தியது மனிதக் கை என்னும்போது, மணலைக் கொஞ்சம் உயர்த்தத் தயங்குவதில் நியாயமில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: எதை உயர்த்தினால் தீரும், எதற்கு அது போதாது?

போதாத இடம் வெப்பம். பேராமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முட்டை கிடக்கும் மணலின் வெப்பநிலை தீர்மானிக்கிறது. சுமார் 29 டிகிரியில் பாதிக்குப் பாதி. அதற்கு மேலே போகப் போகப் பெண்கள், கீழே ஆண்கள். 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, ரெய்ன் தீவுப் பகுதியில் பிறந்து மேய்ச்சல் கடலில் வளரும் ஆமைகளை மரபணு வழியே பிரித்தெடுத்துப் பாலினம் பார்த்தது. வளர்ந்தவற்றில் சுமார் 87 விழுக்காடு பெண். இளசுகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் பெண். பவளத்திட்டின் தெற்கே, மணல் குளிர்ந்த கரைகளில் பிறந்தவற்றில் பெண்கள் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டியே இருந்தார்கள். ஆகக் கடந்த சில பத்தாண்டுகளாக வட பகுதி மணல் ஏறக்குறைய ஆணே இல்லாத தலைமுறைகளைக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது.

ஓர் ஆண் பல பெண்களோடு இணையும். பெண்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் முட்டையிட வருவார்கள், ஆண்கள் அதைவிட அடிக்கடி வருவார்கள். அதனால் ஆண்கள் குறைவாக இருப்பதாலேயே உடனே முட்டைகள் கருவில்லாமல் போய்விடாது. எத்தனை குறைந்தால் ஆபத்து என்ற வரம்புதான் கேள்வி. கூட்டின் மேல் நிழல் போடுவது, கடல்நீர் தெளித்து மணலைக் குளிர்விப்பது என்று வேறு கரைகளில் சோதித்திருக்கிறார்கள். ஒரு கரையில் நூறு கூடுகளுக்கு அது சரி. அருகில் ஊரே இல்லாத இடத்தில், பல்லாயிரம் தாய்கள் ஒருவர் கூட்டை ஒருவர் தோண்டும் கரையில், எந்த நிழல்வலை ஓர் இரவு தாங்கும்?

மணல் வரவுக்கும் இதே வெப்பம் கணக்குப் போடுகிறது. ஃபோராமினிஃபெரா தன் ஓட்டுக்கான சுண்ணாம்பைக் கடல்நீரிலிருந்து எடுக்கிறது. கரியமில வாயு கரைந்து நீர் அமிலப்படப் பட அந்த ஓடு கட்டுவது கடினமாகிறது. நீர் மிகச் சூடானால் அதன் உடலுக்குள் ஒண்டியிருந்து உணவு தரும் நுண்பாசியும் பாதிக்கப்படுகிறது. எந்திரம் இருக்கிற மணலை இடம் மாற்றும், அவ்வளவுதான். புது மணலை அந்த ஒற்றைச் செல்தான் செய்ய வேண்டும். கரைக்கு வந்து சேரும் ஓடுகள் எவ்வளவு என்பதை ஆமைகளை எண்ணுவதுபோலவே ஆண்டுக்காண்டு அளந்துவர வேண்டும். டிரோனில் அது அழகாக விழாது, செய்தியிலும் வராது.